எண்ணூர் தரையும் மிக்ஜாம் காற்றும்: அறிவியல் தரவைப் படமாக்கத் தொடங்குவோருக்கு

கல்லூரியில் கணினி வரைகலை படித்தவர்களுக்கு முக்கோணம், ஒளி, நிழல், அணிப்பெருக்கல் எல்லாம் ஓரளவு பழகியிருக்கும். அறிவியல் தரவைப் படமாக்கும் ஆய்வுக்குள் வந்ததும் தடுமாற்றம் வேறு இடத்தில் தொடங்குகிறது. கையில் இருக்கும் தரவு எவ்வளவு நுட்பமானது, எந்த இடத்துக்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது என்று பார்க்காமலே படம் போட்டுவிடுகிறார்கள். மென்பொருள் இடைவெளிகளைத் தானாக நிரப்பி வழவழப்பான படமாகக் கொடுத்துவிடும். பார்க்கிறவர் அத்தனையும் அளந்தது என்று நம்பிவிடுவார்.

இதிலிருந்து தப்ப ஒரு வழி, முதல் பயிற்சிக்குத் தெரிந்த ஊரை எடுத்துக்கொள்வது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் வளர்ந்தவருக்கு எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே மேடு என்று காலுக்கே தெரியும். படம் பொய் சொன்னால் அங்கேயே பிடிபட்டுவிடும். இங்கே இரண்டு பயிற்சிகள்: வடசென்னையின் தரை உயரம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின் காற்று.

கணினியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். தனி கிராபிக்ஸ் கார்டுக்காக ரிச்சி தெருவில் இப்போதே பணத்தைப் போட வேண்டியதில்லை. எதற்கு வேண்டும் என்பது இரண்டாவது பயிற்சி முடியும்போது உங்களுக்கே தெரியும். மென்பொருள் இரண்டு: வரைபடத் தரவைக் கையாள கியூஜிஐஎஸ், முப்பரிமாணப் படம் போட பாராவியூ. இரண்டும் இலவசம், திறந்த மூலம்.

எந்த உயரத் தரவு?

மூன்று கிடைக்கும். எண்டெவர் விண்ணோடம் 2000 பிப்ரவரியில் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம். டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்கள் 2011 முதல் 2015 வரை எடுத்ததிலிருந்து உருவான கோப்பர்நிகஸ் ஜிஎல்ஓ-30. இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவாக்கி புவன் தளத்தில் கொடுக்கும் கார்ட்டோடெம். மூன்றிலுமே ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் சுமார் 30 மீட்டர் இடைவெளி.

எஸ்ஆர்டிஎம் உயரத்தை முழு எண்ணாகத்தான் தருகிறது. 3 மீ, 4 மீ உண்டு; 3.4 கிடையாது. வடசென்னையின் பெரும்பகுதி 10 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. மொத்த ஊருக்கும் பத்துப் படிகள்தான் என்றால் படம் மாடிப்படி மாதிரி வரும். கார்ட்டோடெம்மில் வேறு சிக்கல்: உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படவில்லை, பூமிக்கான கணித நீள்வட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. சென்னையில் கடல்மட்டமே அந்த நீள்வட்டத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் கீழே இருப்பதால், கோப்பைத் திறந்தால் ஊர் முழுக்க மைனஸில் நிற்கும். தரவு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சில கைபேசிகளின் ஜிபிஎஸ் செயலி கடற்கரையில் நிற்கும்போதே மைனஸ் உயரம் காட்டுவதும் இதே காரணத்தால்தான்.

முதல் முறைக்கு கோப்பர்நிகஸை எடுங்கள். உயரம் தசமத்தில் இருக்கும், கடல்மட்டக் கணக்கிலும் இருக்கும். ஓப்பன் டோப்போகிராஃபி தளத்தில் கணக்கு தொடங்கி, கிழக்கு 80.18 முதல் 80.40 பாகை, வடக்கு 13.04 முதல் 13.34 பாகை என்று சதுரம் போட்டு இறக்கிக்கொள்ளலாம். வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எடுக்க வேண்டும். பின்னால் ஓரம் வெட்டுப்படும்.

இறக்கியதும் மனதில் வைக்க வேண்டியது: இது தரை உயரம் இல்லை, ரேடார் பட்ட மேற்பரப்பின் உயரம். வீடு, மரம், கரிக்குவியல், சாம்பல் குட்டையின் கரை எல்லாம் சேர்ந்ததுதான். கொடுங்கையூர் குப்பைமேடு இந்தத் தரவில் ஒரு குன்றாக எழுந்து நிற்கும். ஊர்க்காரருக்கு அது குன்று இல்லை என்று தெரியும், வெளியூர் ஆய்வாளருக்குத் தெரியாது. அதோடு, இது 2011–15 காலத்து உயரம். அங்கே இன்று நிற்பது வேறாக இருக்கும்.

கியூஜிஐஎஸ்ஸில் செய்ய வேண்டியவை

1. கோப்பைத் திறந்து அதன் பண்புகளில் தகவல் பக்கத்தைப் பாருங்கள். ஆயத்தொலை முறை இபிஎஸ்ஜி 4326 (அட்சரேகை, தீர்க்கரேகையைப் பாகையில் தரும் முறையின் எண்) என்றும், ஒரு புள்ளியின் அகலம் 0.000277 என்றும் இருக்கும். அலகு பாகை, உயரமோ மீட்டர். இந்த நிலையில் முப்பரிமாணம் போட்டால் ஊர் 0.2 அலகு அகலமும் 10 அலகு உயரமும் கொண்ட ஊசியாகத்தான் நிற்கும்.

2. ராஸ்டர் பட்டியலில், ஆயத்தொலை முறையை மாற்றித் தரும் வார்ப் கருவியை எடுங்கள். இலக்கு இபிஎஸ்ஜி 32644, அதாவது மீட்டரில் அளக்கும் யூடிஎம் வீழலின் மண்டலம் 44 வடக்கு (வீழல் என்பது உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை). வெளியீட்டு நுட்பம் 30. மறுமாதிரி முறை, அதாவது புதிய புள்ளிக்கு மதிப்புக் கணக்கிடும் முறை, பைலீனியர்: சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் எடையிட்ட சராசரி. கூடுதல் அமைப்புகளில் எல்லையாக 416000, 431000, 1446000, 1470000 என்று கொடுத்து, அந்த எல்லையின் ஆயத்தொலை முறையும் 32644 என்று குறியுங்கள். வெற்றிடத்துக்கு -9999.

வரும் கோப்பு குறுக்கே 500, நெடுக்கே 800 புள்ளிகள் இருக்க வேண்டும். 15 கிலோமீட்டருக்கு 24 கிலோமீட்டர், மொத்தம் 4 லட்சம் புள்ளி. வேறு எண் வந்தால் எல்லையைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். மறுமாதிரி முறையை நியரஸ்ட் நெய்பர் (மிக அருகில் உள்ள புள்ளியின் மதிப்பை அப்படியே எடுப்பது) என்றே விட்டுவிட்டால் பின்னால் சாய்வொளி போடும்போது பரப்பில் கோடுகோடாக வரி தெரியும். அதே நியரஸ்ட் நெய்பர்தான் நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்குச் சரியானது. ‘குடியிருப்பு’க்கும் ‘நீர்நிலை’க்கும் சராசரி எடுக்க முடியாது.

3. புள்ளிக்குப் புள்ளி ஒன்றிரண்டு மீட்டர் சலசலப்பு இருக்கும். கிராஸ் தொகுப்பில் உள்ள ஆர்.நெய்பர்ஸ் கருவியில் மீடியன் (நடுமதிப்பு), அளவு 3 என்று ஒருமுறை ஓட்டலாம். அளவை 5, 7 என்று ஏற்றாதீர்கள். 5 என்றால் 150 மீட்டர் அகலத்துக்கு மீடியன் எடுக்கிறீர்கள். குட்டைகளின் குறுகலான கரைகளும் ரயில் பாதை மேடும் கரைந்தே போகும். பக்கிங்காம் கால்வாய் பல இடங்களில் ஒரு புள்ளி அகலம்கூடத் தேறாது. அதைத் தரவில் தேடி எடுக்க முயல வேண்டாம். தனிக் கோடாக மேலே வரைந்து, அது வேறு மூலத்திலிருந்து வந்தது என்று குறித்துவிடுங்கள்.

4. டிரான்ஸ்லேட் கருவியால் எக்ஸ்ஒய்இசட் வடிவத்தில் சேமியுங்கள். 4 லட்சம் வரி கொண்ட எழுத்துக் கோப்பு கிடைக்கும். அதன் பின்னொட்டை உடனே சிஎஸ்வி என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பாராவியூ அதை மூலக்கூறு கோப்பு என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும். வேதியியலிலும் இதே பின்னொட்டு உண்டு.

பாராவியூவில்

சிஎஸ்வியைத் திறக்கும்போது தலைப்பு வரி உண்டு என்ற குறியை எடுத்துவிட்டு, பிரிப்பானாக இடைவெளியைக் கொடுங்கள். அட்டவணையைக் கட்டமாக மாற்றும் டேபிள் டு ஸ்ட்ரக்சர்ட் கிரிட் வடிகட்டியில் எல்லை 0–499, 0–799, 0–0. எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் 500 என்று போட்டால் பிழை வரும். 499-ஐயும் 799-ஐயும் இடம் மாற்றிப் போட்டால் பிழையே வராது, ஏனென்றால் பெருக்குத்தொகை ஒன்றுதான். பரப்பு மட்டும் குறுக்குநெடுக்காகக் கிழிந்து கிடக்கும். அந்தப் படத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்து கால்குலேட்டர் வடிகட்டி இரண்டு முறை. முதலில் இசட் மதிப்பை ‘உயரம்’ என்ற பெயரில் தனியாகச் சேமியுங்கள். இரண்டாவதில் ஆயத்தொலையை மாற்றும் குறியை இட்டு, எக்ஸிலிருந்து 416000, ஒய்யிலிருந்து 1446000 கழித்து, இசட்டை 40-ஆல் பெருக்குங்கள்.

கழிப்பது எதற்கு? வரைகலை அட்டை 32 பிட் மிதவை எண்ணில் வேலை செய்கிறது. 14 லட்சம் அளவிலான எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடைவெளி 0.125 மீட்டர். கிட்டே போய்ச் சுழற்றினால் பரப்பு நடுங்குவதுபோல் தெரிவது அதனால்தான். மூலைக்கு 0 கொடுத்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும்.

பெருக்குவது எதற்கு? 24 கிலோமீட்டரில் 10 மீட்டர் ஏற்றம் என்றால் கண்ணுக்குத் தட்டைதான். 40 மடங்கு உயர்த்தினால் 400 மீட்டராகத் தெரியும். கூடவே 2 மீட்டர் சலசலப்பும் 80 மீட்டர் முள்ளாக எழும்பும். அனல்மின் நிலையப் பக்கம் கட்டடமும் கரிமேடும் கோபுரமாக நிற்கும். அவற்றைப் பார்த்து பயந்து பெருக்கத்தைக் குறைக்க வேண்டாம். ‘உயர அளவு 40 மடங்கு’ என்று படத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் வெளியிடும் படம் மணலியைக் கொல்லிமலையாக்கிவிடும்.

எக்ஸ்ட்ராக்ட் சர்ஃபேஸ், பிறகு ஜெனரேட் சர்ஃபேஸ் நார்மல்ஸ். சுமார் 8 லட்சம் முக்கோணம் வரும். சாதாரண மடிக்கணினியின் உள்ளமைந்த வரைகலையே சமாளிக்கும். ஒளியை வடமேற்கிலிருந்து, 45 பாகை உயரத்தில் வையுங்கள். தெற்கிலிருந்து ஒளி வந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண் மாற்றிப் படிக்கும். ஒளி கேமராவோடு ஒட்டியிருந்தால் மேலிருந்து பார்க்கும்போது நிழலே விழாது.

கடல் இந்தத் தரவில் 0 என்ற ஒரே மதிப்பு, ஆழம் இல்லை. நீர்மட்டத்துக்கு ஒரு தட்டையான பலகையை 0-இல் வைத்தால் இரண்டும் ஒரே ஆழத்தில் மோதி, சுழற்றும்போது மினுக்கும். ஆழ இடையகத்தால் எது முன்னால் என்று முடிவு செய்ய முடியாத நிலை அது. பலகையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், அல்லது கடல் புள்ளிகளைத் திரெஷோல்ட் வடிகட்டியால் நீக்குங்கள்.

வண்ணம்

இங்கேதான் அதிகப் படங்கள் கெடுகின்றன. ‘உயரம்’ என்று நாம் சேமித்ததை வைத்து நிறமிடுங்கள், பெருக்கிய இசட்டை வைத்து வேண்டாம். நிறப்பட்டையில் 400 மீ என்று வந்துவிடும். மென்பொருள் சிறுமத்திலிருந்து பெருமம் வரை நிறத்தைப் பரப்பும். எங்கோ ஒரு கட்டடம் 60 மீட்டர் காட்டினால், 10 மீட்டருக்குள் கிடக்கும் ஊர் முழுக்க ஒரே நிறமாகிவிடும். எல்லையைக் கையால் 0–10 என்று வையுங்கள், அதற்கு மேல் உள்ளவை கடைசி நிறத்தில் நிற்கட்டும்.

வானவில் நிறவரிசை வேண்டாம். அதில் மஞ்சள் மற்ற நிறங்களைவிடப் பளிச்சென்று இருப்பதால், தரவில் இல்லாத ஒரு விளிம்பு அங்கே தெரியும். பச்சைக்குள் இருக்கும் மாற்றம் தெரியாமலே போகும். மேட்லாப் 2014-இல் வானவில் வகையைத் தன் இயல்பு நிறவரிசையிலிருந்து எடுத்தது. மேட்பிளாட்லிப் 2017-இல் வந்த 2.0 பதிப்பில் விரிடிஸுக்கு மாறியது. விரிடிஸில் ஒளிர்வு ஒரே சீராக ஏறும். நீலம்-வெள்ளை-சிவப்பு போன்ற இருபக்க வரிசையை நடுவில் பொருளுள்ள ஒரு மதிப்பு இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள், உதாரணமாக சராசரிக்கு மேல், கீழ். சோதனை எளிது: படத்தை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு-வெள்ளையில் ஒரு தாள் எடுங்கள். எது மேடு, எது பள்ளம் என்று அதிலும் படிக்க முடிந்தால் நிறம் சரி. நிறக்குருடு உள்ளவருக்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சமவுயரக் கோட்டை நீங்களே எழுதுங்கள்

பாராவியூவில் கான்டூர் என்று அழுத்தினால் கோடு வந்துவிடும். ஆய்வுக்கு வருகிறவர் ஒருமுறையாவது அதைத் தன் கையால் நிரலாக எழுத வேண்டும். மார்ச்சிங் ஸ்கொயர்ஸ் என்ற முறை. நான்கு புள்ளிகள் சேர்ந்த ஒரு சதுரத்தை எடுத்து, ஒவ்வொரு மூலையும் கோட்டு மதிப்புக்கு மேலா கீழா என்று குறித்தால் 16 வகை வரும். ஒவ்வொரு வகைக்கும் கோடு எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்று ஒரு அட்டவணை.

வெட்டும் இடத்தை விகிதத்தில் கணக்கிட வேண்டும். ஒரு மூலை 3, அடுத்தது 7, கோடு 4 என்றால், 4-3 வகுத்தல் 7-3, அதாவது பக்கத்தின் கால்பங்கு தூரத்தில் கோடு வெட்டும். நடுப்புள்ளியையே எடுத்துவிட்டால் கோடு மரம் அறுக்கும் ரம்பமாக வரும். எதிரெதிர் மூலைகள் மேலும் மற்ற இரண்டு கீழும் இருக்கும் இரண்டு வகைகளில் கோட்டை இரண்டு விதமாக இணைக்கலாம். நான்கின் சராசரியைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் எல்லாச் சதுரத்துக்கும் அதே விதி. இன்னொரு பொறி: எஸ்ஆர்டிஎம் போன்ற முழு எண் தரவில் 4 மீட்டர் கோடு கேட்டால் மூலைகளே 4-ஆக இருக்கும். நீளமில்லாத துண்டுகள், சிக்கல்கள் எக்கச்சக்கமாக வரும். 4.01 என்று கேளுங்கள், தீர்ந்தது.

இதன் முப்பரிமாண வடிவம்தான் லோரன்சனும் கிளைனும் 1987-இல் வெளியிட்ட மார்ச்சிங் கியூப்ஸ். அதில் 8 மூலைக்கு 256 வகை. சுழற்சியும் ஒப்புமையும் பார்த்து 15-ஆகச் சுருக்கினார்கள். தெளிவற்ற வகைகளால் பரப்பில் ஓட்டை விழும் என்பது பின்னால் கண்டுபிடிக்கப்பட்டு, அதைச் சரிசெய்யவே பல கட்டுரைகள் வந்தன.

கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி? கோப்பர்நிகஸ் தரவின் உயரப் பிழை 90 சதவீத இடங்களில் 4 மீட்டருக்குள் என்பதுதான் அதன் வரையறை. அப்படியானால் 1 மீட்டர் இடைவெளியில் கோடு போடுவது பிழையை வரைவதுதான். ‘கடல் 1 மீட்டர் உயர்ந்தால் எந்தெந்தத் தெரு மூழ்கும்’ என்று தெருத்தெருவாக நீலம் பூசிய படங்கள் புயலுக்குப் புயல் கைபேசியில் சுற்றுகின்றன. இலவச 30 மீட்டர் தரவிலிருந்து அதைச் சொல்ல முடியாது. திருவொற்றியூரில் ஒரு வீட்டின் பெயரை அந்த நீலத்தில் வைப்பது அங்கே குடியிருப்பவருக்கு வாடகையிலும் விலையிலும் அடிக்கும் விஷயம். விளையாட்டாகச் செய்யக் கூடாது.

சரிபார்க்க வெளியே போகலாம். கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரில் இறங்கி முகத்துவாரம் பக்கம் நடந்தால், படத்தில் மேடாகத் தெரிவது எது என்று பாதி விளங்கிவிடும். வீட்டுச் சுவரில் தண்ணீர்க்கறை நின்றிருந்தால், “அண்ணே, இது போன புயல்ல வந்த தண்ணியா, முன்னாடி வந்ததா?” என்று கேட்டு, தரையிலிருந்து கறை வரை டேப்பால் அளந்து, இடத்தையும் ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம். துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் கேமராவோ ட்ரோனோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது பயிற்சி: காற்று

மிக்ஜாம் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக்கு அருகே கடலில் நின்று மழையைக் கொட்டி, 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. அந்த மூன்று நாள் காற்றை ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவில் (பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் சேர்த்துக் கணக்கிட்டது) எடுக்கலாம். கோப்பர்நிகஸ் காலநிலைத் தரவுக் கிடங்கில் பதிவு செய்துகொண்டு, அழுத்த மட்டத் தரவில் வடக்கு 8–18, கிழக்கு 76–88 பாகை கேளுங்கள். 0.25 பாகை கட்டத்தில் 49-க்கு 41 புள்ளி, 37 அழுத்த மட்டம்: ஒரு மணிநேரத்துக்கு 74,333 புள்ளி. 72 மணிநேரத்துக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம், ஒரு மாறிக்கு சுமார் 21 எம்பி. கிழக்கு-மேற்கு காற்று, வடக்கு-தெற்கு காற்று, செங்குத்து வேகம், ஜியோபொட்டென்ஷியல் (உயரத்தைக் கணக்கிட உதவுவது) ஆகிய நான்கும் வேண்டும்.

இறக்கிய நெட்சிடிஎஃப் வடிவக் கோப்பைப் பாராவியூவில் திறந்ததும் தரவு உருண்டையில் ஒட்டியதுபோல் வளைந்து வந்தால், ஸ்பெரிக்கல் கோஆர்டினேட்ஸ் குறியை எடுங்கள். அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக அடுக்கப்பட்டிருக்கும். நீங்களே பைதானில் படித்து முதல் வரிசையைத் தெற்கு என்று எடுத்துக்கொண்டால் படம் தலைகீழாக வரும், இலங்கை மேலே ஏறிவிடும். செங்குத்து அச்சு உயரம் இல்லை, அழுத்தம்: 1000 ஹெக்டாபாஸ்கல் தரைக்கு அருகே, 1 உச்சியில். உயரம் வேண்டுமானால் ஜியோபொட்டென்ஷியலை 9.80665-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டத்தட்ட எல்லோரும் விழும் குழி இது: பக்கவாட்டுக் காற்று விநாடிக்கு இத்தனை மீட்டர். செங்குத்து வேகமோ விநாடிக்கு இத்தனை பாஸ்கல், அதிலும் மைனஸ் என்றால் மேலே போகிறது. மூன்றையும் அப்படியே ஒரு திசையனாகச் சேர்த்தால் பாய்வுக்கோடு (காற்றின் திசையைத் தொடரும் கோடு) அழகாகவே வரும், முழுக்கத் தப்பாக. முதலில் 850 ஹெக்டாபாஸ்கல் மட்டத்தை மட்டும் வெட்டி, பக்கவாட்டுக் காற்று இரண்டையும் வைத்துத் தொடங்குங்கள். ஸ்ட்ரீம் டிரேசரில் விதைப்புள்ளிகளைப் புயல் மையத்தைச் சுற்றித் தூவினால் இடஞ்சுழிச் சுழல் தெரியும். வட அரைக்கோளப் புயல் வலஞ்சுழியாக வந்தால் அச்சு எங்கோ புரண்டிருக்கிறது.

பாய்வுக்கோடு என்பது ஒரு கணத்தின் காற்று. அந்தக் கணத்தில் எண்ணூரில் கிளம்பிய புகை அந்தக் கோட்டிலேயே போகாது, ஏனென்றால் அடுத்த மணிக்குள் காற்று மாறிவிடுகிறது. புகைத்தடம் வேண்டுமானால் நேரத்தோடு துகளை நகர்த்தும் பார்ட்டிக்கிள் டிரேசர் வேண்டும். அதற்கு முன் ஆயத்தொலையைப் பாகையிலிருந்து மீட்டருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் விநாடிக்கு 20 மீட்டர் என்பதை அது விநாடிக்கு 20 பாகை என்று ஓட்டிவிடும்.

ஈரப்பதத்தையும் தனியாகக் கேட்டு வாங்கி, அதைப் பருமப் படமாக்க (உள்ளும் தெரியும் முப்பரிமாண மூட்டமாகக் காட்ட) விரும்பினால் ரீசாம்பிள் டு இமேஜ் வடிகட்டியால் சீரான கட்டமாக்கி, ஒளிபுகாத் தன்மை வளைவில் பெரும்பகுதியை 0-வாக வைத்து, ஒரு குறுகிய பட்டையை மட்டும் உயர்த்துங்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டினால் சாம்பல் மூட்டம்தான் மிஞ்சும். மென்பொருள் தரவுக்குள் கதிர்களைச் செலுத்தி அடியடியாக மதிப்பைப் படிக்கிறது; அந்த அடியளவு பெரிதாக இருந்தால் வளையம் வளையமாகத் தெரியும். சிறிதாக்கினால் வளையம் போகும், வேகமும் போகும். நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று தோன்றுவது இங்கேதான்.

0.25 பாகை என்றால் சுமார் 27 கிலோமீட்டர். முதல் பயிற்சியில் நாம் வெட்டிய 15-க்கு 24 கிலோமீட்டர் வடசென்னை முழுவதும் ஒரு கட்டத்தைவிடச் சிறியது. இந்தத் தரவில் மணலிக் காற்று, திருவொற்றியூர்க் காற்று என்று தனித்தனியாக எதுவும் இல்லை. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மென்பொருள் மறுக்காது. தெருமட்டக் காற்று மாதிரியே காட்டும். வைத்தே ஆக வேண்டுமென்றால் கட்டத்தின் மூலைப் புள்ளிகளையும் படத்தில் போட்டுவிடுங்கள். எத்தனை இடத்தில் மதிப்பு இருக்கிறது என்று பார்ப்பவருக்கே தெரியும்.

ஆய்வாக எடுத்துச் செல்ல

இந்த இடத்தில்தான் நல்ல ஆய்வுக் கேள்விகள் கிடக்கின்றன: தரவின் பிழையைப் படத்திலேயே எப்படிக் காட்டுவது, இடைக்கணிப்பு (இடைவெளியை நிரப்பும் கணக்கு) எங்கே ஏமாற்றுகிறது, 72 காலப்படிகளில் எது முக்கியமானது என்று தானாக எப்படிக் கண்டுபிடிப்பது. படமாக்கத்துக்கான ஐஇஇஇ விஸ் மாநாட்டுக் கட்டுரைகளையும், கணினிப் பார்வை, வரைகலை, படச்செயலாக்கத்துக்காக இந்தியாவில் நடக்கும் ஐசிவிஜிஐபி மாநாட்டின் கட்டுரைகளையும் படியுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதற்கென்று ஆய்வகமே இருக்கிறது. படிக்கும் வரிசை: மார்ச்சிங் கியூப்ஸ், 1988-இல் மார்க் லெவாய் எழுதிய பருமப் படமாக்கம், 1993-இல் காப்ரலும் லீடமும் கொண்டுவந்த எல்ஐசி (புள்ளிச் சிதறலைப் பாய்வின் வழியே இழுத்துக் காட்டும் முறை). மூன்றையுமே ஒரு செமஸ்டருக்குள் நிரலாக எழுதிப் பார்த்துவிடலாம். கடைசியதில் 850 ஹெக்டாபாஸ்கல் காற்றையே உள்ளீடாகக் கொடுக்கலாம்.

படத்துக்குக் கீழே தரவின் பெயர், தரவின் ஆண்டு, கட்ட இடைவெளி, வீழல், உயரப் பெருக்கம், நிற எல்லை, மென்பொருள் பதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். மூலக்கோப்பில் கை வைக்காமல் தனி அடைவில் வையுங்கள். பாராவியூவின் நிலைக்கோப்பையும் (செய்த படிகளின் பதிவு) சேமியுங்கள், ஆனால் அதில் தரவு இருக்காது, தரவு இருக்கும் முழுப்பாதை மட்டும்தான் இருக்கும். வழிகாட்டியின் கணினியில் திறக்கும்போது கோப்பைக் காணோம் என்று நிற்கும். இரண்டையும் ஒரே அடைவில் போட்டுக் கொடுத்து, திறக்கும்போது குறிப்பிட்ட அடைவில் தேடு என்ற தெரிவை எடுக்கச் சொல்லுங்கள்.